லினக்ஸ்ல ஓடுற கேம் வேற, லினக்ஸுக்குப் பொருந்துற கேம் வேற

போன மாசம் சித்தி பையனோட பழைய லேப்டாப்ல டெபியன்னு ஒரு லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுக் குடுத்தேன். ஆன் பண்ணிட்டு டீ குடிச்சு வந்தாலும் சுத்திக்கிட்டே இருந்த மெஷின் இப்ப சட்டுனு வருது, அவனுக்கும் ரொம்ப சந்தோஷம். எல்லாம் முடிச்சு சார்ஜர் வயரச் சுருட்டிப் பையில வைக்கிறப்ப கேட்டான், "அண்ணே, இதுல என்ன கேம்ணே ஓடும்?"

காலேஜ்ல லினக்ஸ் தொட்ட நாள்ல இருந்து இந்தக் கேள்வி என் பின்னாடியே வருது. முன்னாடியெல்லாம் கேட்ட உடனே ஒரு லிஸ்ட் ஒப்பிப்பேன். இந்தத் தடவ வாய் வரல, ஏன்னா இப்ப ஓடாததுதான் கொஞ்சம். 2018 ஆகஸ்ட்ல வால்வ் கம்பெனி ப்ரோட்டான்னு ஒண்ண விட்டாங்க, அதுக்கப்புறம் விண்டோஸுக்குன்னே எழுதுன கேமெல்லாம் லினக்ஸ்ல ஓட ஆரம்பிச்சிடுச்சு. 2022 பிப்ரவரியில வந்த ஸ்டீம் டெக், கையில பிடிச்சு ஆடுற மெஷின், அதுக்குள்ள இருக்கிறதே லினக்ஸ்தான். அதனால "ஓடுமா"ங்கிற கேள்வி பழசாயிடுச்சு. என் மண்டையில ரொம்ப நாளா ஓடிக்கிட்டிருக்கிறது வேற கேள்வி. சோர்ஸ் கோட், அதாவது ப்ரோக்ராமா எழுதுன வரிங்க, எல்லாருக்கும் திறந்து கிடக்குற, யாரு வேணா மாத்தலாம் யாரு வேணா பகிரலாம்ங்கிற ஒரு சிஸ்டத்துல, சம்பளம் வாங்காத ஆளுங்க சேர்ந்து செய்யுற கேம்ல எது இருபது முப்பது வருஷம் உயிரோட நிக்குது, எது பாதியிலயே படுத்துடுது, அது ஏன்?

எனக்குத் தோணுறத முதல்லயே சொல்லிடறேன். செஞ்ச ஆளையே திரும்பத் திரும்ப ஆச்சரியப்படுத்துற கேம்தான் இங்க நிக்கும். மத்த காரணமெல்லாம் இருக்கு, ஆனா வேர் இதுதான்.

சைமன் டேத்தமோட பசில் தொகுப்ப எடுத்துக்கோங்க. புட்டி எழுதுனாரே, விண்டோஸ்ல இருந்து சர்வருக்குள்ள போறதுக்கு எல்லாரும் பயன்படுத்துனோமே, அதே ஆள்தான். 2004ல சின்னச் சின்ன பசிலா எழுத ஆரம்பிச்சாரு, இப்ப நாப்பதுக்குப் பக்கமா இருக்கு. சுடோகு, பாலம் கட்டுறது, வேலி போடுறது, டவர் உயரம் கண்டுபிடிக்கிறது, இப்படி. வேலைக்கு நடுவுல ரெண்டு மூணு நிமிஷம் ஒரு விண்டோவத் திறந்து ஆடிட்டு மூடிட்டுப் போறதுக்குத்தான் இதெல்லாம்னு அவரே எழுதி வச்சிருக்காரு. டெபியன்ல எஸ்ஜிடி-பசில்ஸ்னு தேடுனா கிடைக்கும். இதுல ஒரு பசிலக்கூட மனுஷன் உக்காந்து தயாரிக்கல. நீங்க புதுசு கேக்குறப்ப ப்ரோக்ராம் அங்கயே ஒண்ணு உருவாக்குது, பெரும்பாலான பசில்ல தானே ஒரு தடவ தீர்த்துப் பாக்குது, ஒரே ஒரு விடைதான் வருதா, கேட்ட கஷ்டத்துக்கு சரியா இருக்கான்னு பாத்துட்டு அப்புறம்தான் உங்க கையில குடுக்குது. அதுல இருக்குற மைன்ஸ் ஆடிப் பாருங்க. விண்டோஸ்ல நாம ஆடுன மைன்ஸ்வீப்பர்ல கடைசி ரெண்டு கட்டம் மிச்சம் இருக்கும், எதுல குண்டுன்னு யோசிச்சுக் கண்டுபிடிக்க வழியே இருக்காது, கண்ண மூடிக்கிட்டு அமுக்கணும். டேத்தம் மைன்ஸ்ல அந்த அநியாயம் கிடையாது, யோசிச்சே தீர்க்க முடியுற மாதிரி பாத்துத்தான் குண்ட வைக்குது. அத முதல் தடவ புரிஞ்சுக்கிட்டப்ப எனக்கு அந்த மனுஷன் மேல வந்த மரியாதை இன்னும் குறையல.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, இத எழுதுன டேத்தமே உக்காந்து ஆடலாம். அவருக்கும் அடுத்த பசில் என்ன வரப்போகுதுன்னு தெரியாது. இருபது வருஷமா அத அவரு பராமரிச்சுக்கிட்டு வர்றதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கும்னு நான் நம்புறேன்.

இப்ப கதை கேம் பக்கம் வாங்க. நாங்க காலேஜ் மூணாவது வருஷம் நாலு பேரு சேர்ந்து ஒரு துப்பறியுற கேம் செய்ய ஆரம்பிச்சோம், லினக்ஸ்ல, முழுக்க ஓப்பன் சோர்ஸா. கதை ரெடி, யாரு கொலைகாரன்னு தெரியும், க்ளைமாக்ஸ் தெரியும். முதல் லெவல் முடிக்கிறதுக்குள்ள அந்த ஓப்பனிங் சீன நாப்பது தடவ பாத்திருப்போம், ஒரு கதவு திறக்கலன்னா திரும்ப முதல்ல இருந்து, ஒரு டயலாக் தப்பா வந்தா திரும்ப முதல்ல இருந்து. ரெண்டாவது லெவல் பாதியில எல்லாருக்கும் அலுத்துப்போச்சு, சண்டை ஒண்ணும் இல்ல, சும்மா ஒவ்வொருத்தரா வர்றது நின்னுச்சு. அந்த ஃபோல்டர் இன்னும் என் ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. ரகசியம் தெரிஞ்சவனுக்கு அந்தக் கதையில திரும்பிப் பாக்க என்ன இருக்கு? அப்பவும் உக்காந்து முடிக்கணும்னா அதுக்கு சம்பளம் வேணும், டெட்லைன் வேணும், மேல நின்னு விரட்ட ஒரு ஆள் வேணும். பெரிய ஸ்டுடியோல அது இருக்கு, அவங்க செய்யுற கதை கேம நானும் ரசிச்சு ஆடியிருக்கேன், அது வேற உழைப்பு. சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து ஆசைக்குக் கோட் எழுதுற ஆளுகிட்ட அந்த உழைப்ப எதிர்பாக்க முடியாது.

நெட்ஹேக் இதுக்கு நேர் எதிர். பாதாளத்துக்குள்ள தளம் தளமா எறங்கிப் போற கேம், 1987ல முதல் தடவ வெளிவந்தது, அதுக்கும் வேர் 1980ல வந்த ரோக். ஸ்க்ரீன் முழுக்க எழுத்துதான், நீங்க ஒரு "@", நாய் ஒரு "டி" எழுத்து, சுவரு கோடு. ஒவ்வொரு தடவையும் பாதாளம் புதுசா உருவாகும், செத்தா செத்ததுதான், பழைய சேவுக்குத் திரும்ப முடியாது. படம் வரையிற வேலையே இல்லாததால அத்தன பேரோட உழைப்பும் விதிகளுக்குள்ள போச்சு. காக்கட்ரைஸ்னு ஒரு பிராணி, தொட்டா கல்லாயிடுவீங்க. அத எப்படியோ கொன்னுட்டீங்க, கையில க்ளவுஸ் இருக்கு, அப்ப அந்தப் பிணத்தையே கையில ஆயுதமாப் பிடிச்சு அடிக்கலாம், அடி வாங்குனவன் கல்லாயிடுவான். ஆனா அளவுக்கு மீறி மூட்டை சுமந்துக்கிட்டு படியில இறங்குனீங்கன்னா தடுக்கி விழுந்து அந்தப் பிணம் உங்க மேலயே பட்டு நீங்க கல்லு. இதையெல்லாம் யாரோ ஒருத்தர் எப்பவோ யோசிச்சு எழுதி வச்சிருக்காங்க. இன்னொண்ணு, இந்த கேம் உங்க கம்ப்யூட்டர் கடிகாரத்தப் பாக்கும். இன்னிக்கு பௌர்ணமியா இருந்தா அதிர்ஷ்டம் கூடும், ஆரம்பிக்கிறப்பயே சொல்லிடும். பதிமூணாம் தேதி வெள்ளிக்கிழமையா இருந்தா அதிர்ஷ்டம் குறையும், அன்னிக்கு சாமி கும்புட்டாலும் ஆபத்து. நாள் பாத்து காரியம் பண்ற வீட்டுல வளந்தவனுக்கு இது எவ்வளவு பிடிச்சிருக்கும்னு நினைச்சுக்கோங்க, நான் பௌர்ணமி அன்னிக்கு ஆடுறதுக்குன்னே சில ஆட்டத்த ஒதுக்கி வச்ச காலம் உண்டு.

நெட்ஹேக்ல இந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தோட வாசனை இருக்குன்னு எனக்குத் தோணுறதுக்கு போன்ஸ் ஃபைல்தான் காரணம். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ்ங்கிறது முதல்ல இருந்தே ஒரே மெஷின பல பேரு பங்கு போட்டுக்குற சிஸ்டம். நெட்ஹேக்ல நீங்க ஒரு தளத்துல செத்தா சில சமயம் அந்தத் தளத்த அப்படியே ஃபைல்ல எழுதி வச்சிடும். அப்புறம் அதே மெஷின்ல வேற ஒருத்தர் ஆடுறப்ப அந்தத் தளத்துக்குள்ள வந்து விழுவாரு, உங்க பொருளெல்லாம் அங்கயே கிடக்கும், உங்க ஆவியும் அங்க நிக்கும். எங்க ஹாஸ்டல்ல ஒரே கம்ப்யூட்டர்ல ஆளுக்கு ஒரு அக்கவுண்ட் போட்டு ஆடுனோம், எனக்கு ரெண்டு வருஷம் சீனியர் ஒருத்தரோட ஆவிய அவரு படிப்பு முடிச்சுப் போன பிறகு நான் சந்திச்சேன். அன்னிக்கு ராத்திரி அவருக்கு ஃபோன் பண்ணி சொன்னேன், அண்ணே உங்க வாளு இப்ப என்கிட்டன்னு. இன்னிக்கும் டெபியன்ல கேம்ஸ்ங்கிற பேர்ல தனியா ஒரு க்ரூப் இருக்கு, எல்லா அக்கவுண்டும் ஒரே ஸ்கோர் ஃபைல்ல எழுதறதுக்காக வந்த ஏற்பாடு அது.

இதே குடும்பத்துல டஞ்சன் க்ரால் ஸ்டோன் சூப் இருக்கு. லின்லி ஹென்செல் எழுதுன பழைய க்ரால்ல இருந்து 2006ல பிரிஞ்சு வந்தது. இவங்க பழக்கம் சேக்குறத விட எடுக்குறதுல அதிகம். ஆடுறவனுக்கு யோசனைய குடுக்காம வெறும் அலுப்பக் குடுக்குற விஷயம் எதுவா இருந்தாலும் தூக்கிடுவாங்க. 2021ல வந்த 0.26 வெர்ஷன்ல பசி, சாப்பாடு, எல்லாத்தையும் மொத்தமா எடுத்துட்டாங்க. இந்த வகை கேம்ல சோறு இல்லாம எப்படின்னு பழைய ஆளுங்களுக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனா பழைய வெர்ஷன் எங்கயும் போயிடல, சோர்ஸ் இருக்கு, ஆன்லைன் சர்வர்ல பழைய வெர்ஷன்கள இன்னும் ஆட முடியுது, பிடிக்காதவங்க அதுல இருந்து தனியா பிரிச்சு நடத்திக்கலாம். இப்படி வாதாடறதுக்கு இடம் குடுக்குற விளையாட்டு, வாதம் முத்துனா பாகம் பிரிச்சுக்கிட்டுப் போகவும் வழி இருக்குற விளையாட்டு, அதுக்கு யாரு வேணா மாத்தலாம் பகிரலாம்ங்கிற இந்த லைசன்ஸ் அவ்வளவு இயல்பாப் பொருந்துது.

ஊர் கட்டி நாடு வளக்குற ஃப்ரீசிவ்வும் இப்படி ஆடுறவங்களுக்கு இடம் குடுக்குற கேம்தான். டென்மார்க்ல ஆர்ஹஸ் யுனிவர்சிட்டி மாணவர்கள் மூணு பேரு 1995 கடைசியில ஆரம்பிச்சு 1996 ஜனவரியில வெளியிட்டாங்க. ஆட்டத்த நடத்துற சர்வர் ப்ரோக்ராம் தனி, ஆடுறவன் திறக்குற க்ளையன்ட் ப்ரோக்ராம் தனி. கேமோட விதியெல்லாம் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்ல கிடக்கும், ஒரு எடிட்டர்ல திறந்து எந்தக் கட்டடத்துக்கு என்ன விலை, எந்த வீரனுக்கு எத்தன பலம்னு மாத்தி உங்க கூட்டாளிகளோட ஆடலாம். கோட் எழுதத் தெரியாதவனும் விதிய மாத்தலாம்ங்கிறது பெரிய விஷயம்ங்க, ஆடுறவன் செய்யுறவனா மாறுறதுக்கு முதல் படி அதுதான்.

வியாபார ரீதியாவும் ஒரு முயற்சி நடந்துச்சு. லோகி சாஃப்ட்வேர்னு ஒரு கம்பெனி 1998ல ஆரம்பிச்சு பெரிய பெரிய விண்டோஸ் கேம லினக்ஸுக்குக் கொண்டுவந்து பொட்டியில போட்டு வித்தாங்க, 2002 ஜனவரியில மூடியாச்சு. அவங்க வித்த பொட்டியெல்லாம் இப்ப சேகரிக்கிறவங்ககிட்டதான் இருக்கும். ஆனா அங்க வேலை பாத்த சாம் லான்டிங்கா எழுதுன எஸ்டிஎல்ங்கிற லைப்ரரி, படம் காட்ட, சத்தம் போட கேமுக்கு உதவுற கோட் தொகுப்பு, கட்டற்றதா, அதாவது யாரு வேணா எடுத்துக்குற மாதிரி, வெளிய இருந்துச்சு, இன்னிக்கும் எண்ணிக்கை தெரியாத அளவுக்கு கேம் அது மேல ஓடுது.

சரி, சோர்ஸ் திறந்தாச்சு, படமும் சத்தமும்? இங்கதான் நிறைய கேம் தட்டுத்தடுமாறுது. டூம் வந்தது 1993ல, அதோட சோர்ஸ 1997 டிசம்பர்ல வெளியிட்டாங்க, 1999ல ஜிபிஎல்ங்கிற கட்டற்ற லைசன்ஸுக்கு மாத்துனாங்க. ஆனா அந்தப் பூதங்க, துப்பாக்கி, லெவல் எல்லாம் தனி ஃபைல், அது கட்டற்றது இல்ல, முழுசா வேணும்னா இன்னும் காசு குடுத்துத்தான் வாங்கணும். எஞ்சின், அதாவது கேம ஓட்டுற கோட், கையில இருந்தும் ஆட கட்டற்றதா ஒண்ணும் இல்ல. அதனால ஃப்ரீடூம்னு ஒரு கூட்டம் உக்காந்து ஒவ்வொரு படத்தையும் ஒவ்வொரு சத்தத்தையும் புதுசா செஞ்சு அந்த எஞ்சினுக்கு கட்டற்ற உடம்பு குடுத்தாங்க. ரயில், பஸ் விட்டு கம்பெனி நடத்துற ஓப்பன் டிடிடிக்கும் இதே கதை. 2004ல லுட்விக் ஸ்ட்ரிகியஸ், க்ரிஸ் சாயரோட பழைய ட்ரான்ஸ்போர்ட் டைகூன அக்கக்காப் பிரிச்சுப் பாத்து திரும்ப எழுதுனாரு. ஆனா ஆடணும்னா பழைய சிடில இருந்து படம் வேணும். டெபியன்ல இந்த மாதிரி கேம முக்கியப் பகுதியில சேக்க மாட்டாங்க, தன் கால்ல நிக்காததெல்லாம் ஓரமா தனி வரிசையில இருக்கணும், அதுல ரொம்பக் கறார். அப்புறம் ரசிகர்களே ரயில், மரம், வீடு, மலை எல்லாத்தையும் ஒண்ணொண்ணா வரைஞ்சு ஓப்பன்ஜிஎஃப்எக்ஸ்னு கொண்டுவந்தாங்க, 2010 ஏப்ரல் 1ல ஓப்பன் டிடிடி 1.0 வந்தப்ப பழைய சிடி இல்லாமயே ஆட முடிஞ்சுது. நான் சித்தி பையனுக்கு முதல்ல போட்டுக் குடுத்தது இதுதான். ரெண்டு ஊருக்கு நடுவுல தண்டவாளம் போட்டு, சிக்னல் தப்பா வச்சு நாலு ரயிலும் ஒண்ணையொண்ணு மறிச்சு நிக்க வச்சு, ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புனான்.

படத்துல ஒரு சூட்சுமம் இருக்கு, அது வெஸ்னாத் ஆடி ஆடித்தான் எனக்குப் புரிஞ்சுது. டேவிட் வைட் 2003ல ஆரம்பிச்ச கேம், அறுகோணக் கட்டத்துல மாத்தி மாத்தி நகர்த்துறது, பகல்ல சில படைக்குப் பலம், ராத்திரில சில படைக்குப் பலம். ஒரு வீரனோட படம் 72க்கு 72 பிக்சல், அவ்வளவுதான். ஒரு ஆள் ரெண்டு மூணு சாயங்காலத்துல ஒரு வீரன வரைஞ்சு குடுத்துட்டுப் போயிடலாம், அஞ்சு வருஷம் கழிச்சு அத விட நல்லா வரையுற ஒருத்தர் வந்து மாத்தலாம், நடுவுல கேம் நிக்காது. இதுல கதையும் இருக்கு, கேம்பெய்ன்னு சொல்றது, அப்ப நான் மேல கதைய பத்தி சொன்னது என்னாச்சுன்னு கேப்பீங்க. அந்தக் கதைங்கள டெக்ஸ்ட் ஃபைல்ல ஒரு எளிய மொழியில எழுதறாங்க, ஒரு ரசிகர் ஒரு கதை எழுதுவாரு, அடுத்தவங்க ஆடுவாங்க, எழுதுனவரு இன்னொருத்தர் கதைய ஆடுவாரு. அடியில ஓடுற ஆட்டம் ஒவ்வொரு தடவையும் புதுசு, கதை மேல போத்துன துணி மாதிரி. அதனால அது அலுக்கல.

0 ஏ.டி. கேமோட பாரம் வேற மாதிரி. பழங்கால நாகரிகங்கள வச்சு படை நடத்துற கேம் இது, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ங்கிற கேம் மேல ஒட்டுற மாற்றமா யோசிச்சு ஆரம்பிச்சது, அப்புறம் தனி கேமா வளர்ந்து 2009ல சோர்ஸ திறந்தாங்க. அவ்வளவு அழகு. மௌரியர்கள் இருக்காங்க, யானைப் படை இருக்கு, நான் அந்த யானைகளுக்காகவே ஆடுவேன். ஆனா ஒவ்வொரு நாகரிகத்துக்கும் கோட்டை, வீடு, கப்பல், வீரன், அவன் நடக்குற அசைவு, குத்துற அசைவு, எல்லாம் முப்பரிமாணத்துல, அதுவும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டுற மாதிரி, சரித்திரத்துக்கு முரணா இல்லாம. ஒரு சாயங்காலத்துல வந்து ஒரு செங்கல் வச்சிட்டுப் போற வேலையா இது? அதனாலதான் ஆல்ஃபா ஆல்ஃபான்னு, அதாவது இன்னும் முடியாத வெர்ஷன்னு, அத்தன வருஷம் ஓடுச்சு. ஆட்டம் நம்ம சிஸ்டத்துக்குப் பொருந்துது, கலை வேலையோட எடைதான் அழுத்துது. விடாம இழுத்துக்கிட்டு வர்ற அந்தக் கூட்டத்த நினைச்சா எனக்குக் கண்ணு கலங்கும், பொய் சொல்லல.

அடுத்தது ஏமாத்து. வேகமா சுடுற ஆன்லைன் கேம்ல ஏமாத்துறவனத் தடுக்க பெரிய கம்பெனிங்க சிஸ்டத்தோட அடி மையமான கெர்னல் வரைக்கும் எறங்கி காவல் போடறாங்க. நம்ம சிஸ்டத்துல கெர்னலே ஆடுறவன் சொத்து, அவன் நினைச்சா மாத்திக்குவான், அங்க அந்தக் காவலுக்கு அர்த்தமே இல்ல. 2024 அக்டோபர் கடைசியில ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்ங்கிற சுடுற கேம லினக்ஸ்ல ஆட முடியாம நிறுத்துனதுக்கு இதுதான் அவங்க சொன்ன காரணத்தோட சாரம். அது யாரோட கெட்ட எண்ணமும் இல்ல, ரெண்டும் அடிப்படையிலயே ஒத்துவராது. கட்டற்ற சுடுற கேம் இல்லாம இல்ல, ஸோனாட்டிக் இருக்கு, வேகத்துல கை வலிக்கும், ஆனா அங்க தெரிஞ்ச முகங்கள் ஒருத்தர ஒருத்தர் நம்பி ஆடுற சூழல்தான் காவல்.

கோட் முழுக்கத் திறந்து கிடந்தும் ஒண்ணும் கெட்டுப்போகாத விளையாட்டுன்னா செஸ்தான் முதல்ல ஞாபகம் வருது. பலகை ரெண்டு பேருக்கும் தெரியும், மறைக்க ஒண்ணும் இல்ல. 2008ல வந்த ஸ்டாக்ஃபிஷும் ஜிபிஎல்தான், உலகத்துலயே பலமான செஸ் எஞ்சின்கள்ல, அதாவது செஸ் ஆடுற ப்ரோக்ராம்கள்ல, ஒண்ணு, யாரு வேணா டவுன்லோட் பண்ணலாம். யாராவது ஒரு வரி கோட் மாத்தி அனுப்புனா அது நல்லதா கெட்டதான்னு பாக்க பழசையும் புதுசையும் ஆயிரக்கணக்கான ஆட்டம் மோத விடுவாங்க, அதுக்கு உலகம் முழுக்க ஆளுங்க தங்க கம்ப்யூட்டர தானமா ஓட விடறாங்க. ஃபிஷ்டெஸ்ட்னு பேரு, 2013ல இருந்து நடக்குது. என் வீட்டு டெஸ்க்டாப்பும் சில ராத்திரி அதுல ஓடியிருக்கு. இந்த எஞ்சின எழுதுனவங்கள்ல யாரும் அத ஜெயிக்க முடியாது, அது அடுத்து என்ன நகர்த்தும்னும் அவங்களுக்குத் தெரியாது. ஆன்லைன்ல செஸ் ஆடுற லிசெஸ் தளம் 2010ல ஃப்ரான்ஸ்ல திபோ துப்ளெஸி ஆரம்பிச்சது, விளம்பரம் இல்ல, சந்தா இல்ல, நன்கொடையில நடக்குது, சோர்ஸ் முழுக்க வெளிய. 2022ல மாமல்லபுரத்துல ஒலிம்பியாட் நடந்த பிறகு எங்க தெருப் பசங்க செஸ் செஸ்னு அலைஞ்சாங்க, அதுல ரெண்டு பேருக்கு நான் இதத்தான் காட்டுனேன்.

சின்னப் பிள்ளைகளுக்கான கேமும் இங்க நல்லா வளருது, அதுக்குக் காரணம் வேற, அங்க விக்கிறதுக்கு யாரும் காத்துக்கிட்டு இல்ல. டக்ஸ் பெயின்ட் 2002ல வந்தது, தமிழ்லயும் வருது. பிள்ளை படம் வரைஞ்சு சேவ் பண்ணா ஃபைல் பேரு கேக்காது, அடுத்த தடவ திறந்தா எல்லாப் படமும் சின்னதா வரிசையா நிக்கும், படிக்கத் தெரியாத பிள்ளையும் தன் படத்தக் கண்டுபிடிச்சிடும். என் அக்கா பொண்ணு நாலு வயசுல அப்படித்தான் வீட்டுல இருக்குற எல்லாரையும் வரைஞ்சா.

இவ்வளவும் சித்தி பையன்கிட்ட சொல்லல, அவன் ரயில் விட்டுக்கிட்டிருக்கான். ஆனா அவன் கேட்ட கேள்வி எனக்குள்ள தங்கிடுச்சு, அந்த வாரமே நான் பைத்தான்ங்கிற ப்ரோக்ராம் மொழியில ஆடுபுலி ஆட்டம் எழுத உக்காந்தேன். கோயில் மண்டபத்துத் தரையில கோடு கீறிக் கிடக்குமே, அதுதான். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு, கல்லோ புளியங்கொட்டையோ எது கையில இருக்கோ அது. முதல்ல புலி எங்க தாண்ட முடியும்னு எழுதுனேன், அப்புறம் ஆட்டுக்கு ரெண்டே ரெண்டு புத்தி சொல்லிக் குடுத்தேன், தனியா நிக்காத, தாண்டுற இடத்தக் காலியா விடாத. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் புலியா உக்காந்தேன். பதினொரு ஆடு இறங்குறதுக்குள்ள என் ரெண்டு புலி மூலையில மாட்டிக்கிச்சு, எப்படி மாட்டுச்சுன்னு திரும்ப ஓட்டிப் பாத்தேன், ஒரு ஆட்ட வேணும்னே பலி குடுக்குற மாதிரி விட்டு என்னை உள்ள இழுத்திருந்துச்சு. நான் அத எழுதவே இல்ல, அந்த ரெண்டு புத்தியில இருந்து தானா வந்தது.

அம்மா பின்னாடி நின்னு பாத்துட்டு, "இது என்னடா, புலி மூணையும் மொதல்லயே வச்சிட்ட? எங்க ஊர்ல புலி ஒண்ணு வப்போம், ஆடு ஒண்ணு வப்போம், மாத்தி மாத்தித்தான் இறங்கும்"னாங்க. விதியையெல்லாம் கோட்ல இருந்து எடுத்து தனி டெக்ஸ்ட் ஃபைல்ல போட்டேன், அதுல ஒரு வரி மாத்துனா அம்மா ஊரு ஆட்டம். பெரியம்மா ஊர்ல புலிக்கு வேற கணக்காம், பொங்கலுக்குப் போறப்ப கேட்டு எழுதிக்கிட்டு வரணும்.